கரை தொடுற கப்பலாப் பாரு

அது வெலை இல்லம்மா. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி ஓடுது பாரு, அதப் படி. சரி விடு, நானே படிக்கிறேன். ரெண்டு பேர் தங்குற ரூமுல ஒரு ஆளுக்குன்னு போட்டிருக்கான். துறைமுகக் கட்டணம் தனி. ஊழியருக்குச் சேவைக் கட்டணம் தெனமும் தனி. வரி தனி. இவ்வளவையும் வெளிய நிப்பாட்டி வச்சுட்டு மேல ஒரு நம்பரப் பெருசாப் போட்டா, அதுக்குப் பேரு வெலையா? அது வாசப்படி. உள்ள போனாத்தான் வீட்டோட வெலை தெரியும்.

கோவப்படல. எம்பேச்சே இப்படித்தான். தங்கச்சிமடத்துல கணக்கு டீச்சரா இருந்தவ. பாலத்துக்கு அந்தப்பக்கம் பிரெசில்லா டீச்சருன்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆயாச்சு, வாய்க்குத்தான் இன்னும் ஆர்டர் வரல. உன்ன நீ வான்னு பேசுறேன், அதையும் தப்பா எடுத்துக்காத. பேரு என்ன சொன்ன? மாஷிதா. நல்லது. ஒங்க அத்தா கடையா இது? உம்ராவுக்கு ஆள் அனுப்புறதா போர்டுல பாத்தேன். கடல் கடந்து ஆள அனுப்பிப் பழகுன எடமாச்சேன்னுதான் மாடிப்படி ஏறி வந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு கடைக்குப் போனேன். சொகுசுக் கப்பல்னு சொன்னதும் ஏசி ரூமுக்குள்ள உக்கார வச்சு ஜூஸ் குடுத்தாங்க. ஜூஸ் குடுக்குற கடையில வெலை கொறையாது. குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

எனக்கு வேண்டியத நேராச் சொல்லிர்றேன். சதர்ன் பேர்ள்னு ஒரு கப்பல். சிங்கப்பூர்ல ஏறி, சிங்கப்பூர்லயே எறங்குறது. அதுல ஒரு ஆளுக்கு, ஆகக் கொறைஞ்ச வெலையில, இந்த மாசக் கடைசிக்குள்ள. மதுரையில இருந்து சிங்கப்பூருக்கு நேராப் பிளேன் இருக்கு, அத நான் பாத்து வச்சுட்டேன். பாஸ்போர்ட் இருக்கு. விசா மட்டும் ஒரு தடவ உள்ள போறதுக்கு இல்லாம, கப்பல் திரும்பி வரும்போது மறுபடி உள்ள போறதுக்கும் சேத்து நீ வாங்கித் தரணும். சரியா?

வேற கப்பலா? காட்டு, பாப்போம்.

கொறைச்சல்தான், நான் இல்லைங்கல. பெரிய கப்பல் வேற. தண்ணியில சறுக்குறதுக்கு இருக்கு, ஐஸ்ல சறுக்குறதுக்கு இருக்கு. இந்த வயசுல நான் சறுக்க வேண்டியதெல்லாம் வீட்டுப் பாத்ரூம்லயே சறுக்கிட்டேன். எனக்கு சதர்ன் பேர்ள்தான் வேணும்.

ஏன்னா எம்மகன் அதுலதான் வேலை பாக்குறான். வில்பிரட்டு. ஒத்தப் பிள்ளை. கேட்டரிங் படிச்சான். இப்ப ரூம் பாக்குற வேலை. படுக்கை விரிக்கணும், பாத்ரூம் கழுவணும், துண்ட முறுக்கி யானை மாதிரி, கொக்கு மாதிரி செஞ்சு கட்டில் மேல வைக்கணும். வீட்டுல படுத்த பாயச் சுருட்டி வச்சவன் இல்ல, இப்ப ஊரு ஒலகத்துக்கெல்லாம் யானை மடிக்கிறான். சிரி, சிரி. சிரிக்கத்தான் சொன்னேன். கௌரவமான வேலைதான். அவங்க அய்யா பெஞ்சமினு, விசைப்படகு டிரைவரு. அப்பாவ அய்யான்னுதான் கூப்புடுவான் அவன். மகன் கடலுக்குப் போகவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னு படிக்க வச்சாரு. அவன் அவரு போனதவிடப் பெரிய கடலுக்குப் போயிட்டான்.

ஆமா, இருக்கு. வெவரம் தெரிஞ்சு வச்சிருக்க. கப்பல்ல வேலை பாக்குறவங்க குடும்பத்துக்குத் தனிச் சலுகை உண்டு, பாதிக்குப் பாதி கொறையும். ஆனா அத அவன்தான் உள்ள கேட்டு வாங்கணும். அது வேண்டாம்.

வேண்டாம்னா வேண்டாம்மா. அவன் கேட்டா ரெண்டு பேருக்குக் கேப்பான். அய்யாவக் கூட்டிட்டு வாங்க, அய்யாவக் கூட்டிட்டு வாங்கன்னு போன வருசத்துல இருந்து ஒரே பாட்டு. எஞ்சின் ரூமுல வேலை பாக்குறவர சிநேகம் புடிச்சு வச்சிருக்கானாம். அய்யா கீழ எறங்கிப் பாக்கலாமாம், ஒரு வீட்டு ஒசரம் இருக்குமாம் எஞ்சினு. நான் போறது ஒருத்தி. சலுகை இல்லாத முழு வெலையில எது கொறைச்சலோ அதப் பாக்கத்தான் உங்கிட்ட வந்திருக்கேன்.

இல்ல, அவரு வரமாட்டாரு.

உடம்புக்கெல்லாம் இப்ப ஒண்ணும் இல்ல. வரமாட்டாரு, அவ்வளவுதான். நீ தேதியப் பாரு.

ஞாயித்துக்கெழமை கெளம்புறதப் பாக்காத, அது எப்பவும் கூட. வாரத்துக்கு நடுவுல கெளம்புறதப் பாரு. சிங்கப்பூருப் பள்ளிக்கூட லீவு எப்பன்னு பாத்துக்க, அந்த வாரத்த விட்டுரு. நான் தெனமும் பாக்குறேன்ல. காலையில பூசை முடிஞ்சு வந்து போனோட உக்காருவேன், சாயங்காலம் ஒருக்கா உக்காருவேன். ஒரே கப்பல், ஒரே ரூமு, காலையில ஒரு வெலை, பொழுது சாயிறதுக்குள்ள வேற வெலை. போட்டு கட்டுற ஜெட்டியில நண்டு ஏலம் விட்டாலும் ஏறி எறங்கத்தான் செய்யும், ஆனா அங்கன கேக்குறவன் கொரலு காதுல விழும். இது சத்தமில்லாம ஏறுது. இந்தா, மூலையில செவப்பு எழுத்துல என்னமோ சொல்லுது பாரு. இந்த வெலையில இன்னும் கொஞ்ச ரூம்தான் இருக்காம். இத நம்பலாமா, இல்ல சும்மா வெரட்டுறதுக்கா? நீயும் நம்ப மாட்டியா. நல்ல பிள்ளை, உள்ளதச் சொல்ற.

இன்னொரு கம்பெனியில இதவிடக் கொறைச்சுக் காட்டுச்சு. கடைசிப் பக்கம் வரைக்கும் போயிப் பாத்தேன், கேக்காமலே இன்சூரன்சுக்கு டிக் அடிச்சு வச்சிருக்கான். அத எடுத்தேன். இன்டர்நெட்டுக்கு டிக் அடிச்சிருந்துச்சு, அதையும் எடுத்தேன். குடிக்கிறதுக்குத் தனிப் பேக்கேஜ். மனுசியப் பாத்தா அப்படித் தெரியுதான்னு கேக்க ஆளில்ல அங்கன. எல்லாத்தையும் எடுத்துட்டுப் பாத்தா, கடைசியில ஒங்க வெலையவிடக் கூட.

காத்திருக்கவா? அந்த வித்தையும் எனக்குத் தெரியும். பொழுது சாஞ்சா மிச்ச மீன வந்த வெலைக்குத் தள்ளுற மாதிரி, கெளம்புறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி மிச்ச ரூமெல்லாம் தள்ளிவிடுவாங்க. ஆனா அப்ப பிளேன் வெலை ஏறி நிக்கும். கப்பல்ல மிச்சம் பண்ணத ஆகாசத்துல விடணும். ஊருல வேலை வெட்டி இல்லாதவங்களுக்கு அது சரி. எனக்குக் காத்திருக்க நேரமில்ல.

எங்க தெருவுல ஆன்டனி ராஜுன்னு ஒருத்தன் இருக்கான், வில்பிரட்டோட படிச்சவன். அதே கப்பல்ல சமையக்கட்டு வேலைக்கு எடுத்திருக்காங்க, வர்ற மாசம் போய் ஏறுறான். நல்ல பையன். வாயில மட்டும் எதுவும் தங்காது. அவன் ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறி எறங்கிறணும்.

எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். நீ பாரு மொதல்ல.

ஆங், இது கொறைச்சலா இருக்கே. சதர்ன் பேர்ளேதானா? ரெண்டு ராத்திரியா? எங்க போகுது?

எங்கயும் போகலையா?

கடலுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு, ஏறுன எடத்துலயே கொண்டாந்து விடுமா? இதுக்குக் காசு குடுத்து ஆளுக போறாங்க. எங்க ஆளுக வலையில ஒண்ணும் விழாம அப்படிச் சுத்திட்டு வந்தா, வீட்டுல அன்னைக்கு யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. வேண்டாம்மா. கரை தொடுற கப்பலாப் பாரு.

பாதி வெலைன்னு எனக்கும் கண்ணு தெரியுது. கணக்கு டீச்சருக்கே பாதி எதுன்னு சொல்ற பாரு. நான் போற காரியம் அதுல நடக்காதுன்னா, பாதி வெலையும் முழு நட்டம். கரை தொடணும்.

இது? புக்கெட்டு. படத்தப் பெருசாக்கு. இன்னும் பெருசாக்கு. கப்பல் எங்கன நிக்குது? நடுவுல நிக்குது பாரு. நங்கூரம் போட்டுட்டு, சின்னப் போட்டுல ஆளுகள எறக்கிக் கொண்டுபோயி விடுறாங்க. அது எனக்கு ஆகாது. பயணிகளுக்குத்தான் அந்தப் போட்டு, வேலை பாக்குறவன் உள்ளயே கெடக்க வேண்டியதுதான். கப்பல் கரையோட ஒட்டி நின்னு, கயிறு போட்டுக் கட்டணும். ஆளு நடந்து எறங்கணும்.

பினாங்கு? அங்க கட்டுமா? நல்லாப் பாத்துச் சொல்லு. ஆமா, அவனும் அப்படித்தான் சொன்னான். பினாங்குல நிக்கிற அன்னைக்கு மத்தியானம், ரூமெல்லாம் முடிச்சுட்டு எறங்கிப் போவானாம். அங்கன ஒரு கடையில நம்மூரு மாதிரியே கறிக்கொழம்பு ஊத்திச் சோறு போடுவாங்களாம், போட்டா அனுப்புவான். ஒங்க வாப்புச்சா, அதான் தாத்தா, பினாங்குல கடை வச்சிருந்தாரா? பாத்தியா, நான் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியத்தான் நீ எப்ப கேப்பன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நேரா பினாங்குக்கே பிளேன்ல போயி எறங்கி, அவன் வெளிய வரும்போது பாத்துட்டு வந்தா, இதுல கால்வாசிதான் ஆகும். யோசிக்காம இருப்பேனா? ஆனா நான் தனியாப் போயி பினாங்குல நிக்கிறேன்னு வச்சுக்க, எம்மகன் கேக்குற மொதக் கேள்வி என்னவா இருக்கும்? எதுக்கும்மா வந்தீங்கன்னு கேப்பான். போன்லயே கேப்பான், நடுக்கடல்ல நின்னுக்கிட்டு. அதுக்கு எங்கிட்ட பதில் கெடையாது. கப்பல் பாக்க வாரேன்னா கேள்வி இல்ல. அவனே கூப்புட்டதுதான். அம்மா ஒருவழியா மனசு எறங்கி வாராங்கன்னு நெனச்சுக்குவான். சிங்கப்பூர்லயும் பாக்க முடியாது. ஒரு கூட்டம் எறங்கி அடுத்த கூட்டம் ஏறுற நாளு அது, அன்னைக்கு வானத்தையே பாக்க மாட்டானாம்.

என்னத்தக் கண்டுபுடிச்சிருவான்னா கேக்குற? சொல்றேன்னு சொன்னேன்ல.

சரி, இந்த நாலு ராத்திரிப் பயணமே இருக்கட்டும். சன்னல் இல்லாத ரூமு. கடல நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன், படுத்துக்கிட்டுப் பாக்க வேண்டியதில்ல. ரூம் நம்பர நாம கேக்காம, அவங்க குடுக்குறத வாங்கிக்கிட்டா இன்னும் கொறையும்ல? அதப் போடு. இப்ப மொத்தம் என்ன வருது?

இது எப்படி? ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளு வெலை வருது.

ஓ. தனியாப் போனா அடுத்த கட்டிலுக்கும் சேத்துக் குடுக்கணும். ஆக, ஆளுக்கு வெலை போடல அவங்க, கட்டிலுக்குப் போடுறாங்க. நாயம்தான் அவங்க பக்கத்துல இருந்து பாத்தா. காலியாக் கெடக்குற கட்டிலுக்கும் யாராவது குடுத்துத்தான ஆகணும்.

நீ விடமாட்ட போல. சாருக்குக் கப்பல்னா பிடிக்குமேங்கிற. பிடிக்கும். எங்க வீட்டுக்காரருக்கு எஞ்சின்னா உசுரு. அவரப் பத்தி ஒண்ணு சொல்றேன், கேளு, அதுக்குள்ள ஸ்கிரீன்ல அந்தச் சக்கரம் சுத்தி முடிக்கட்டும்.

வில்பிரட்டு சின்ன வகுப்புப் படிச்ச காலம். இவரு கடல்ல நிக்கிறாரு. இங்கன வீட்டுல அவரப் பெத்த அம்மா காலையில கண்ணு முழிக்கல. எங்க ஆளுககிட்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. கடல்ல நிக்கிறவனுக்குச் சாவுச் சேதி சொல்றதில்ல. காலு தரையில பட்டப்புறந்தான் சொல்லணும். தண்ணி மேல நிக்கிறவன் கை தளந்துச்சுன்னா அவன் ஒருத்தனோட போகாது. அதனால வாக்கி டாக்கியில இவரக் கூப்புடல. வேற சேனல்ல, பக்கத்துல நின்ன போட்டுக்கு மட்டும் சேதி போச்சு. அந்த டிரைவரு என்ன செஞ்சாரு தெரியுமா? நல்லா ஓடிக்கிட்டிருந்த எஞ்சின நிப்பாட்டிட்டு, ஏலே பெஞ்சமினு, எஞ்சின் படுத்துருச்சுடா, கயிறு போட்டுக் கரைக்கு இழுன்னு கூப்புட்டாரு. இவரு விடுவாரா? நான் தொறந்து பாக்குறேன்னு அந்தப் போட்டுல தாவப் போயிருக்காரு. எம்போட்டுல கைய வச்ச, கைய ஒடிப்பேன்னு அவரு வெரட்டியிருக்காரு. மொணங்கிக்கிட்டே வலைய ஏத்தி, கயிறு கட்டி, பழுதே இல்லாத போட்ட ஜெட்டி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தாரு. கரையில ஊரே நிக்குது. ரெண்டு காலும் மண்ணுல வச்சப்புறம் அவங்க அண்ணன் தோளப் புடிச்சு, அம்மா போயிட்டாடான்னாரு. இவரு என்ன கேட்டாருங்கிற? அப்ப அந்த எஞ்சின் நல்லாத்தான் இருக்கான்னு கேட்டாரு. அதுக்கப்புறந்தான் அழுதாரு.

அன்னைக்கு ஜெட்டியில எங்கையப் புடிச்சுக்கிட்டு வில்பிரட்டும் நின்னான். எல்லாத்தையும் பாத்தான். அதனாலதான் சொல்றேன், அவன ஏமாத்துறது சுலபம் இல்ல.

சுத்தி முடிச்சிருச்சா? காட்டு.

எந்த மாடியில ரூம் வேணும்னு கேக்கலாமா? இல்லம்மா, அவன் பாக்குற மாடி வேண்டாம். அவனுக்கு எட்டாத மாடியாப் போடச் சொல்ல முடியுமான்னு பாரு. என் படுக்கைய எம்மகன் விரிக்கணுமா? நான் படுத்து எந்திரிச்ச கட்டில்ல அவன் யானை மடிச்சு வைக்கணுமா? பத்தாததுக்குச் சேவைக் கட்டணம்னு அவனுக்கு நான் தெனமும் டிப்ஸ் குடுக்கணும். எனக்கு யாரு மகனோ தெரியாது, அவன் வந்து விரிக்கட்டும். அவனுக்கும் ஒரு தாய் எங்கயாவது இருப்பா, குடுக்குற காசு அங்கன போகட்டும்.

என்ன, முகமெல்லாம் மலர்ந்துருச்சு? என்ன கண்டுபுடிச்ச?

இன்னைக்கு மட்டுமா? ரெண்டாவது ஆளுக்கு இலவசமா? துறைமுகக் கட்டணம் மட்டும் கட்டுனாப் போதுமா.

இல்ல, புரியுது. நல்லாப் புரியுது. தனியாப் போறதுக்கு ஆகுறதவிட, ரெண்டு பேராப் போனா மொத்தத்துல கொறைச்சல். கணக்குச் சரிதான். நீ கெட்டிக்காரிதான், நான் இத்தன நாளாப் பாத்தும் இது என் கண்ணுல படல.

ஆமா, பையில இருக்கிறது ரெண்டு பாஸ்போர்ட்டுதான். அது எங்க கோயில் பங்குல இருந்து எருசலேம் யாத்திரைக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு, அதுக்காகச் சேந்து எடுத்தோம். அங்க சண்டை வந்து யாத்திரை நின்னு போச்சு. ரெண்டையும் ஒண்ணா ரப்பர் பேண்டு போட்டு வச்சாரு, நான் பிரிக்காமத் தூக்கிட்டு வந்துட்டேன். அத எங்கிட்ட குடு. பிரிக்காத.

மாஷிதா. அவர வச்சு ஒரு டிக்கெட்டும் போட முடியாதும்மா. அவரு எங்க ஊரு கோயில் கல்லறையில இருக்காரு. முப்பதாம் நாள் பூசைகூட முடிஞ்சுருச்சு.

வரமாட்டாருன்னு சொன்னேன். உடம்புக்கு இப்ப ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். உங்கிட்ட ஒரு பொய்யும் சொல்லல நான். பொய் சொன்னதெல்லாம் எம்மகன்கிட்ட மட்டுந்தான்.

ஆமா. அவனுக்குத் தெரியாது.

கடல்ல எத்தன புயலப் பாத்த மனுசன். வீட்டு வாசல்ல உக்காந்து செருப்ப மாட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு காலு மாட்டுனாரு, அடுத்த காலு மாட்டல. அப்ப கப்பலு ரெண்டு ஊருக்கு நடுவுல நிக்குது. எங்க கொழுந்தன் போன எடுத்துட்டாரு, பிள்ளைக்குச் சொல்லணும்னு. நான்தான் புடுங்கி வச்சேன். சொன்னா என்ன நடக்கும்? வந்து சேர முடியாது, அதுக்குள்ள மண்ணு மூடிரும். வர முடியாத எடத்துக்கு அழுதுக்கிட்டு அங்கன ஒத்தையில நிப்பான், இடுப்பு ஒசரத்துக் கம்பிக்கு அந்தப்பக்கம் பூராத் தண்ணி. கம்பெனிக்குச் சொல்லுங்க, அவங்க பக்குவமாச் சொல்லுவாங்கன்னு பங்குச் சாமியாரு சொன்னாரு. யாரோ ஒரு ஆபீசரு ரூமுக்குக் கூப்புட்டு உக்கார வச்சு இங்கிலீசுல சொல்லுவான். எம்பிள்ளைக்கு அவங்க அய்யா செத்தத இங்கிலீசுல சொல்ல விடுவேனா நான்?

ஊரு கட்டுப்பட்டு நின்னுச்சு, அதையும் சொல்லணும். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு கட்டல. ஒருத்தன் போன்ல ஸ்டேட்டஸ் வைக்கல. கடல்ல இருக்கிறவன் வீட்டுக் காரியம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் கட்டுப்பாடெல்லாம் போட்டுக்காரனுக்குப் போட்டது. காலையில போனவன் சாயங்காலம் வருவான், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு நாளு. மாசக்கணக்குல கரையேறாதவனுக்கு எப்படின்னு எங்க பெரியவங்க யாரும் சொல்லிவச்சுட்டுப் போகல. அவங்களுக்கு அப்படி ஒரு கடல் தெரியாது.

என்ன சொல்லிச் சமாளிக்கவா? அய்யாவுக்குத் தொண்டையில சின்ன ஆபரேசன், பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருன்னேன். அவரு போன்ல இருந்து கட்டவெரல் படம் அனுப்புறேன். அவரு என்னைக்கும் எழுதுனவரில்ல, கட்டவெரல் மட்டுந்தான் அனுப்புவாரு, அதனால வசதியாப் போச்சு. போன வாரம் கேக்குறான், அய்யாவப் பேச வேண்டாம், வீடியோவுல முகத்த மட்டும் காட்டச் சொல்லுங்கன்னு. இந்த மாசத்துக்கு மேல தாங்காது இது. ஆன்டனி ராஜு வேற ஏறுறான்.

நான் செஞ்சது சரியா தப்பான்னு நீ யோசிக்காத. அத அவன் சொல்லட்டும். மண்ணு அள்ளிப்போட விடலையேன்னு எம்மூஞ்சியில முழிக்க மாட்டேங்கட்டும், அதுக்கும் தயாராத்தான் போறேன். ஆனா கடல்ல வச்சுச் சொல்லமாட்டேன். கப்பலு எவ்வளவு பெருசா இருந்தாலும் அது கடல்தான். அது வரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டு, அவன் காட்டுறத எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கணும். அய்யா எங்கன்னு கேட்டா, அடுத்த தடவைன்னு சொல்லணும். பழுதில்லாத எஞ்சின நிப்பாட்டுனாரே அந்த டிரைவரு, அவரால முடிஞ்சுச்சுன்னா என்னாலயும் முடியும்.

இந்தா, அழாத. கண்ணத் தொடச்சுக்க. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அழக் கூடாது, வெளியில ஆளு நிக்குது. ஸ்கிரீனப் பாரு, அந்தச் செவப்பு எழுத்து என்னமோ சொல்லுது. வெலை ஏறிருச்சா? ஏறலையா. அப்ப போடு. ஒரு ஆளு, நாலு ராத்திரி, பினாங்கு. ரெண்டு கட்டிலுக்கும் நானே குடுத்துர்றேன். ஒண்ணு காலியாக் கெடக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பினாங்குல கப்பல விட்டு எறங்குற எடத்துல ஏணி அகலமா இருக்குமா, இல்ல ஒருத்தர் பின்னால ஒருத்தரா எறங்கணுமா? ஒருத்தரொருத்தரா. அதுதான் நல்லது. எனக்கு மூட்டு வலி, அவன் எனக்கு முன்னால எறங்கிக் கையப் புடிக்கப் பாப்பான், விடக் கூடாது. நான் மொதல்ல எறங்கி, தரையில நின்னுக்கணும். நின்னுக்கிட்டு, எறங்கி வாப்பான்னு கூப்புடணும். அன்னைக்கு ஜெட்டியில எங்கையப் புடிச்சுக்கிட்டு நின்னவன். நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது.

கார்டு இந்தா. பின்பக்கம் நம்பரு அழிஞ்சிருக்கும், நான் சொல்றேன், எழுதிக்க.